பிரிந்து சென்று படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரின் பொறுப்பும்

(ஜும்ஆ உரை)

 

  

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். கடல் தொழில் செய்பவர். அவருடைய மகன் நன்றாகப் படித்து, பெயர் பெற்ற ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் பெற்றிருந்தான். முதல் பருவத் தேர்வில் அவனுக்கு இரண்டு பாடங்களில் அரியர். "ஹழ்ரத், மூன்று வாரமாக நான் அவனிடம் பேசவில்லை. அவன் உம்மாவையும் பேச விடவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைக்கும்" என்றார். அதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. ஒரு தந்தையின் கடமையைச் செய்து முடித்தவரைப் போலச் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மாணவனாக இருந்த பிள்ளை அவன். அந்தக் கல்லூரிக்கு வந்திருப்பவர்கள் அனைவருமே அவரவர் பள்ளியில் முதல் மாணவர்கள்தாம். அங்கே யாரேனும் நாற்பதாவதாகவும் அறுபதாவதாகவும் வந்துதானே ஆக வேண்டும்? பாடம் விளங்கவில்லை, விடுதிச் சோறு இறங்கவில்லை, ஆங்கிலத்தில் கேள்வி கேட்க நா எழவில்லை. இந்த நிலையில் வீட்டுக் கதவும் சாத்தப்பட்டால் அந்தப் பிள்ளை எங்கே போவான்?

சகோதரர்களே! சூரத்துல் கஸஸில் அல்லாஹுத் தஆலா மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பற்றிச் சொல்கிறான். பிர்அவ்னின் கொடுமையிலிருந்து காப்பதற்காகப் பெற்ற குழந்தையை நதியில் விடும்படி அந்தத் தாய்க்கு உள்ளுதிப்பு உண்டாகிறது. அஞ்ச வேண்டாம், கவலை கொள்ள வேண்டாம் என்ற ஆறுதலும் உடன் வருகிறது. ஆயினும், குழந்தை கையை விட்டுப் போனதும் அத்தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று குர்ஆன் கூறுகிறது. அவ்வளவு பெரிய வாக்குறுதியைப் பெற்ற தாய்க்கே அந்நிலை என்றால், பிள்ளையைச் சென்னைக்கும் திருச்சிக்கும் அனுப்பிவிட்டு வெற்றுக் கட்டிலைப் பார்த்து அழும் நம் வீட்டுப் பெண்களை யாரும் பலவீனமானவர்கள் என்று பேசிவிட வேண்டாம்.

அடுத்து அந்தத் தாய் செய்ததைக் கவனியுங்கள். குழந்தையின் சகோதரியை அழைத்து, பின்தொடர்ந்து செல்லச் சொன்னார். அவரும் பிர்அவ்னின் ஆட்களுக்குத் தெரியாத வண்ணம், ஒதுங்கி நின்று தொலைவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை எந்தச் செவிலியிடமும் பால் அருந்த மறுத்த வேளையில்தான் அவர் முன்னே வந்தார்; பாலூட்டி வளர்க்கக்கூடிய ஒரு குடும்பத்தைக் காட்டித் தரட்டுமா என்று கேட்டார். தாயிடமே குழந்தை மீண்டது. அனுப்பி வைத்தல், தொலைவில் நின்று கவனித்தல், தேவையான வேளையில் அருகில் செல்லுதல் ஆகிய மூன்றுமே அந்த வீட்டில் இருந்தன. நம்மில் பலரிடம் முதலாவது மட்டும் இருக்கிறது. வேறு சிலரோ பிள்ளையோடு பெட்டிக்குள்ளேயே ஏறி அமர்ந்துகொள்கிறோம்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவுக்குப் போனால் போதும். டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் ஏவுகணைகளையும் குடியரசுத் தலைவர் பதவியையும் பற்றிப் பேசாத மேடை நம் மாவட்டத்தில் இல்லை. நான் பேசப்போவது அவரை அனுப்பி வைத்தவர்களைப் பற்றி.

தந்தையார் ஜைனுலாப்தீன் அவர்கள் படகுக்குச் சொந்தக்காரர்; பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர்; பெரிய பள்ளிப் படிப்போ பெரும் செல்வமோ இல்லாதவர். மகன் இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து படிக்க அனுமதி கேட்டபோது, தயங்கி நின்ற தாயார் ஆஷியம்மாவைத் தேற்றியவர் அவரே. பிள்ளைகளைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று ஃபாத்திஹா ஓதினார். பிறகு இரயில் நிலையத்தில் மகனை வழியனுப்பினார். சிறுவன் தனியே செல்லவில்லை. மைத்துனர் அஹ்மத் ஜலாலுத்தீனும் உறவினர் சம்சுத்தீனும் உடன் சென்று, பள்ளியில் சேர்த்து, தங்குமிடமும் பார்த்துக் கொடுத்துத் திரும்பினார்கள். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு வீட்டு நினைவு தாங்கவில்லை. தாயார் செய்து தரும் போளிக்காக மனம் ஏங்கியது. சிறு வாய்ப்புக் கிடைத்தாலும் ஊருக்கு ஓடிவந்துவிடுவார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். நாட்டின் முதல் குடிமகனாக உயர்ந்தவரே வீட்டு ஏக்கத்தை மறைக்கவில்லை. நம் பிள்ளை தொலைபேசியில் அழுதால் மட்டும் "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்டுகிறோம்.

மகன் கலெக்டராக வேண்டும் என்பதே தந்தையின் ஆசை. மகனோ 1950இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்து இயற்பியல் படித்தார். பட்டம் பெற்ற பிறகுதான் தமக்குரியது பொறியியல் என்பதை உணர்ந்தார். இன்றைய தந்தையாக இருந்தால் "நான்கு ஆண்டுகள் வீண்!" என்று கூரை அதிரக் கத்தியிருப்பார். சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவை. அக்குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. அப்போது சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். இங்கே மூஸா (அலை) அவர்களின் சகோதரி உங்கள் நினைவுக்கு வருகிறாரா?

அந்த வளையல்களைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில்தான் மீட்க வேண்டும் என்று கலாம் உறுதி பூண்டார். அதற்கு நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவதே வழி என்று எண்ணி உழைத்தார். இந்தக் கட்டத்தில் சற்று நில்லுங்கள். அந்த உறுதி அவருடைய உள்ளத்திலேயே பிறந்தது. ஜொஹரா அதைக் கேட்டதாகவோ, சொல்லிக் காட்டியதாகவோ அவர் எழுதவில்லை. பெற்றோர் படும் பாட்டைப் பிள்ளைகள் அறியாதவர்கள் அல்லர். வாப்பா சவூதியில் வெயிலில் நிற்பதும், உம்மாவின் கழுத்து வெறுமையாக இருப்பதும் அவர்கள் கண்ணில் படாமலா இருக்கும்? அந்தச் சுமையோடுதான் அவர்கள் விடுதிக்குப் போகிறார்கள். வாரந்தோறும் தொலைபேசியில் "உனக்காக எவ்வளவு கடன் தெரியுமா?" என்று நாமும் ஒரு கல்லை எடுத்து வைக்கிறோம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது தர்மத்தையே பாழாக்கிவிடும் என்று மார்க்கம் எச்சரிக்கிறது. பெற்ற பிள்ளையிடம் அதைச் செய்யலாமா?

எம்.ஐ.டி. எளிதான இடமாக இருக்கவில்லை. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி மாணவர் குழுவுக்குத் தரப்பட்டது. கலாமின் பங்கில் முன்னேற்றம் போதாது என்று பேராசிரியர் ஸ்ரீனிவாசன் அதிருப்தி அடைந்தார். ஒரு மாத அவகாசம் கேட்டவருக்கு மூன்று நாட்களே கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றும் சொல்லிவிட்டார். இரவு உணவையும் விட்டு வரைபலகையின் முன் நின்று அவர் வேலையை முடித்தார். பேராசிரியரும் மனம் மகிழ்ந்தார். கண்டிப்பு தேவையான இடத்தில் ஆசிரியர் இருக்கிறார். அதைக் கல்லூரி செய்துகொள்ளும். வீடும் இரண்டாவது தேர்வு மண்டபமாக வேண்டியதில்லை.

படிப்பு முடிந்த பின், விமானப்படையில் சேர டேராடூன் சென்றார். தேர்வுக்கு வந்த 25 பேரில் ஒன்பதாம் இடம்; எடுத்துக்கொள்ளப்பட்டவர்களோ எட்டுப் பேர். சிறு வயது முதல் கண்ட கனவு ஓர் இடத்தில் தவறிப்போனது. அதோடு அவருடைய வாழ்வு முடிந்துவிடவில்லை என்பதை உலகம் அறியும். 1963இல் அவர் அமெரிக்கா புறப்பட்டபோது பம்பாய் விமான நிலையத்தில் வழியனுப்ப வந்து நின்றவர்கள் யார்? அதே ஜலாலுத்தீனும் சம்சுத்தீனும்தான். ஷ்வார்ட்ஸ் பள்ளி வாசல் வரை உடன் வந்தவர்கள் பல ஆண்டுகள் கழிந்தும் கண்ணைப் பெயர்க்கவில்லை. ஜைனுலாப்தீன் அவர்கள் 1976இல் வஃபாத்தானார்கள். மகனின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 விண்ணில் வெற்றிகரமாகப் பாய்ந்தது 1980 ஜூலையில். அதையும் அவர்கள் பார்க்கவில்லை. கலெக்டர் மகனையும் பார்க்கவில்லை.

மற்றவர்களுக்குச் சொல்லும் நான் தவறாதவன் அல்லன். என் மூத்த மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டில், நாள்தோறும் இஷாவுக்குப் பின் பேசுவேன். "இன்று என்ன தேர்வு? எத்தனை மதிப்பெண்? ஃபஜ்ர் தொழுதாயா?" இவைதாம் என் கேள்விகள். ஒருநாள் அவள் சொன்னாள்: "வாப்பா, ஒருநாளாவது சாப்பிட்டியாம்மா என்று கேளுங்களேன்." என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பதின்மூன்று வயதில் மதரஸாவில் சேர்த்தார்கள். நாற்பது நாளில் யாருக்கும் சொல்லாமல் பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். என் தந்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து மீன் முள்ளை நீக்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவரே உடன் வந்து ஓதும் இடத்தில் விட்டுச் சென்றார். ஓர் அதட்டல் விழுந்திருந்தால் இன்று இந்த மிம்பரில் நான் நின்றிருக்க மாட்டேன். அதை நானே மறந்திருந்தேன்.

அனஸ் (ரழி) அவர்களைச் சிறுவராக இருக்கையில் அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரழி) நபிகளாரின் பணிக்கென ஒப்படைத்தார்கள். பத்தாண்டுப் பணிவிடையில் நாயகம் (ஸல்) அவர்கள் தம்மை ஒருமுறையும் "சீ" என்றதில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதும் இல்லை என அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். நமக்குப் பத்து நாளுக்குக் கூட அது முடியவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கல்வி நிறுவனங்களில் மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளை நாம் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். பிள்ளை பேச்சைக் குறைக்கிறான், உறங்குவதில்லை, உண்பதில்லை, விடுமுறைக்கும் வர மறுக்கிறான் என்றால் "ஈமான் குறைவு" என்று தீர்ப்பெழுத வேண்டாம். நேரில் சென்று பாருங்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். படிப்பை ஓர் ஆண்டு நிறுத்த நேர்ந்தால் நிறுத்துங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அதே நாட்களில்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் வருகிறது, கல்லூரி விண்ணப்பமும் தொடங்குகிறது. கையில் காசில்லாத அந்த வேளையில் நம் சகோதரிகளின் நகைகள் வட்டிக் கடைக்குப் போகின்றன. வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்கும் நாம், வட்டியில்லாத ஒரு வாசலைத் திறந்து வைத்தோமா? பைத்துல்மாலில் கல்விக்கென அழகிய கடன் நிதி ஒன்றை ஏப்ரலுக்கு முன்பே சேர்த்து வைக்கலாம். அந்தந்த ஊரில் வசிக்கும் நம் மஹல்லாக்காரர்களின் முகவரிகளைத் திரட்டி, புதிதாகச் செல்லும் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைக்க அங்கே ஒரு குடும்பம் இருந்தால் போதும்.

அரியர் வைத்த அந்தப் பிள்ளையின் செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மறுநாள் சுப்ஹுக்குப் பின் அவன் தந்தையை அருகே அமர்த்தி, என் கைப்பேசியிலிருந்தே மகனை அழைத்தேன். எடுத்தவுடன் அவன் கேட்டது, "வாப்பா, உம்மா நல்லா இருக்காங்களா?" என்பதுதான். அவர் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் அழுதார். அந்த வெள்ளிக்கிழமை இரவே, ஒரு பாத்திரம் நிறைய மீன் வறுவலோடு இரயில் ஏறினார்.

யா அல்லாஹ்! பாம்பன் பாலம் கடந்து படிக்கச் செல்லும் எங்கள் பிள்ளைகளை உன் பாதுகாப்பில் வைப்பாயாக! மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளத்தை உறுதிப்படுத்தியது போல் எங்கள் வீட்டுத் தாய்மார்களின் உள்ளங்களையும் உறுதிப்படுத்துவாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!