நுண்குழாயும் மணல்தூணும்



பல்கலைக்கழகங்களில் இயற்பியல் ஒரு கட்டடத்திலும் வேதியியல் வேறொரு கட்டடத்திலும் இயங்க, மருத்துவம் தனக்கெனத் தனி வளாகமே கேட்கிறது. நிலத்தடி நீரைப் பற்றிய படிப்போ நிலவியல் துறையின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. இந்தப் பாகப்பிரிவினை நிர்வாக வசதிக்காக மனிதர் செய்துகொண்டதே அன்றி இயற்கை வகுத்ததன்று. இதற்குச் சான்று தேடுவோர், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் இருவர் இருபது ஆண்டுக்குள் அடுத்தடுத்துச் செய்த அளவீடுகளைப் பார்த்தால் போதும். ஒருவர், உடம்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று கேட்ட மருத்துவர்; மற்றவர், தம் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர்.

மருத்துவர் பாய்சொய் 1797இல் பாரிஸில் பிறந்தவர். மருத்துவத்துக்கு வருமுன் எக்கோல் பாலிடெக்னிக்கில் கணிதமும் இயற்பியலும் பயின்றவர் என்பதை நினைவில் வைத்தாலன்றி அவருடைய பிற்காலப் பணி விளங்காது. அவருக்கு முன், ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதைக் கண்டு 1733இல் நூலாக வெளியிட்டிருந்தார். எட்டடிக் குழாயை வைத்துக்கொண்டு துடிக்கும் விலங்கை அளப்பது எளிதன்று. குழாய்க்குள் ஏறிய இரத்தமும் சிறிது நேரத்தில் உறைந்துவிடும். பாய்சொய் 1828ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இரண்டு இடர்களையும் தீர்த்தார். ‘யூ’ வடிவில் வளைந்த குழாயில், நீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் அடர்ந்த பாதரசத்தை நிரப்பியதால் குழாயின் உயரம் கையடக்கமாயிற்று. இரத்தமும் பாதரசமும் சந்திக்கும் இடத்தில் பொட்டாசியம் கார்பனேட் கரைசலை வைத்ததால் உறைதல் தடைப்பட்டது. இன்று எந்த மருத்துவமனைச் சீட்டிலும் 120க்கு 80 என்று எழுதப்படும் இரத்த அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்படுவது இந்த வழிவந்த வழக்கமே.

அந்தக் கருவியால் அளந்தபோது, இதயத்துக்கு அருகிலுள்ள பெருந்தமனியிலும் தொலைவிலுள்ள சிறிய தமனியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை அவர் கண்டார். அப்படியானால் அழுத்தம் குறைவது கருவி எட்டாத மிகச் சிறு நாளங்களிலும், தந்துகிகள் எனப்படும் மயிரிழையினும் நுண்ணிய குழாய்களிலும்தான் இருக்க வேண்டும். தவளையின் தந்துகிகளை நுண்ணோக்கியில் பார்த்து, சிவப்பணுக்கள் நடுவே விரைய, நாளச் சுவரை ஒட்டித் தெளிநீர்மம் மெல்ல நகர்வதையும் அவர் விரிவாக எழுதினார். ஆனால் சுருங்கி விரியும் நாளமும், நீர்மமும் திண்மமும் கலந்த இரத்தமும், விட்டுவிட்டு உந்தும் இதயமும் ஒருசேர இருக்கும் இடத்தில் எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அவர் உயிரை விட்டுவிட்டுக் கண்ணாடிக்குச் சென்றார். இரத்தத்தை விட்டுவிட்டுக் காய்ச்சி வடித்த நீருக்குச் சென்றார். மருத்துவர் ஒருவர் இப்படித் துணிந்தது அவர் செய்த எந்தக் கண்டுபிடிப்பையும்விடப் பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தச் சோதனைகள் நடந்த முறையைச் சற்று அருகில் சென்று காண்பது தகும். மேலும் கீழும் கோடு கீறிய சிறு கண்ணாடிக் குமிழில் நீர் நிரப்பப்படும். குமிழின் அடியில், 0.6 மில்லிமீட்டர் முதல் 0.015 மில்லிமீட்டர் வரை விட்டம் கொண்ட நுண்குழாய்களுள் ஒன்று இணைக்கப்படும். அழுத்திய காற்று நீரைத் தள்ள, நீர்மட்டம் மேற்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கும் நேரம் குறிக்கப்படும். வெப்பநிலை சற்றே மாறினாலும் ஓட்டம் மாறும் என்பதால் கருவி முழுதும் நீர்த்தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும். குழாயின் வாய் ஒருபோதும் முழு வட்டமாக அமையாது என்பதை உணர்ந்து, அதை நீள்வட்டமாகக் கருதி, நெடிய அச்சையும் குறுகிய அச்சையும் நுண்ணோக்கியில் தனித்தனியே அளந்தார். இவ்வளவு பொறுமைக்குக் கிடைத்த பயன், 1840, 1841ஆம் ஆண்டுகளில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்ட ஒரு விதி: குழாயில் ஒரு நொடிக்கு ஓடும் நீரின் அளவு, இரு முனைகளுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும், குழாயின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் அமையும்.

நான்காம் அடுக்கு என்பதில்தான் இதன் வலிமை அடங்கியுள்ளது. விட்டம் இருமடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்பதை உடல் தீர்மானிப்பது இதயத்தின் வேகத்தால் மட்டுமன்று, சிறு தமனிகளின் சுவர்த்தசை மயிரிழையளவு இறுகுவதாலும் தளர்வதாலும் என்பது இந்தக் கணக்கின் நேரடி விளைவு. ஆனால் இரத்தத்தைப் பற்றிய கேள்வியிலிருந்து பிறந்த இந்த விதி இரத்தத்துக்கே முழுதாகப் பொருந்துவதில்லை: ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்களில் இரத்தம் தன் இயல்பைவிட நீர்த்ததுபோல் நடந்துகொள்கிறது என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த ஃபாரியுஸும் லிண்ட்க்விஸ்டும் 1931இல் காட்டினர். பாய்சொய் தவளையில் கண்ட, சுவரை ஒட்டிய அந்தத் தெளிநீர்ம அடுக்கே இதற்குப் பெருங்காரணம்.

பித்தளைக் குழாய்களை வைத்து ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1839இலேயே பாய்சொய் கண்ட அதே முடிவை ஒட்டி வந்திருந்தார் என்பதால் இருவர் பெயராலும் விதி வழங்குகிறது.

வேதியியல் இந்த விதியை எடுத்துக்கொண்ட விதம் வேறு. பாகுநிலை என்பது, ஒரு நீர்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது எழும் உள்ளுராய்வு. தேனுக்கு மிகுதி, நீருக்குக் குறைவு. குழாயின் அளவும் அழுத்தமும் தெரிந்தால், ஓடும் நேரத்தைக் கொண்டே பாகுநிலையைக் கணக்கிடலாம். பாய்சொய் தாமே சாராயத்தை நீரோடு கலந்து ஓடவிட்டு, கலவை தனி நீரைவிடவும் தனிச் சாராயத்தைவிடவும் மெதுவாக ஓடுவதைக் கண்டிருந்தார். தாமஸ் கிரகாம் 1861இல் இதைப் பற்றிக்கொண்டு, ஓட்டத்தின் வேகத்துக்கும் வேதிச் சேர்க்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்; அவர் ஊகித்த திட்டமான நீரேறிய சேர்மம் பின்னர் நிலைக்கவில்லை என்றாலும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதை நுண்குழாயால் உணரலாம் என்ற வழி நிலைத்தது. ரப்பரும் செல்லுலோசும் சிறு மூலக்கூறுகளின் வெறும் திரளா அல்லது மிக நீண்ட ஒற்றைச் சங்கிலியா என்ற பெரும் வழக்கில், கரைசல் நுண்குழாயில் இறங்கும் நேரத்தை ஹெர்மன் ஸ்டாவுடிங்கர் தம் பக்கத்துச் சாட்சிகளுள் ஒன்றாக நிறுத்தினார். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொறியாளர் ஹென்ரி டார்சி 1803இல் திஜோன் நகரில் பிறந்தவர். பாய்சொய் பயின்ற அதே எக்கோல் பாலிடெக்னிக்கில் பயின்றவர். ரொசுவார் ஊற்றிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் மூடிய கால்வாய் அமைத்து, எந்திரத்தின் உதவியின்றிச் சரிவாலேயே 1840இல் திஜோனுக்கு நீர் கொண்டுவந்தவர் அவர். ஆற்றுநீரை மணலில் வடிகட்டிக் கொடுக்கும் நகரங்களுக்கு எவ்வளவு பரப்புள்ள மணற்படுகை வேண்டும் என்று கணக்கிட அந்நாளில் நம்பத்தக்க வழி இல்லாமையால், 1855 அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும், 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள செங்குத்தான இரும்பு உருளையில் மணலை நிரப்பி, சார்ல் ரிட்டர் என்ற பொறியாளரின் துணையோடு அவர் நீரை இறக்கிப் பார்த்தார். மேலும் கீழும் அழுத்தத்தைக் காட்டியது பாதரச அழுத்தமானி. சோதனை நடந்த இடம் திஜோன் மருத்துவமனை. மருத்துவமனைக் குழாய்கள் அவ்வப்போது திறந்து மூடப்பட்டதால் பாதரசம் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்ததையும் டார்சி தம் குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆட்டத்தின் நடுவேயும் முடிவு தெளிவாயிருந்தது: மணலின் வழியே ஊறும் நீரின் அளவு, உருளையின் குறுக்குப் பரப்புக்கும் நீர்மட்ட வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்திலும், மணலின் தடிப்புக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. திஜோன் நகரின் பொது நீரூற்றுகள் பற்றி 1856இல் வெளிவந்த பெருநூலின் பின்னிணைப்பில் சில பக்கங்களாக வந்த இந்த முடிவே, இன்று உலகெங்கும் நிலத்தடி நீர்க் கணக்கின் அடித்தளம்.

இரண்டு விதிகளும் உருவத்தில் ஒத்திருப்பது தற்செயலன்று. மணல் மணிகளுக்கு இடையிலுள்ள துளைகள் ஒன்றோடொன்று பின்னிய எண்ணற்ற நுண்குழாய்களே. நீர் அவற்றில் சுழிக்காமல் மெல்ல நழுவுவதால் பாய்சொய் விதியே அங்கும் ஆள்கிறது. துளையின் விட்டம் பாதியானால் ஒவ்வொரு துளையிலும் ஓட்டம் பதினாறில் ஒன்றாகும். ஆனால் அதே பரப்பில் துளைகள் நான்கு மடங்கு பெருகும். ஆகவே மொத்த ஓட்டம் நான்கில் ஒன்றாகும். மணலின் ஊடுருவுதிறன், அதாவது நீரைத் தன் வழியே விடும் இயல்பு, மணியளவின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது என்று அமெரிக்க வேதியியலர் ஆலன் ஹேசன் 1892இல் சோதனையால் கண்டதற்கு இந்தக் கணக்கே விளக்கம்; பின்னர் கொசெனியும் கார்மனும் அதை முறையான சமன்பாடாக்கினர்.

தொடக்கத்தில் சொன்ன நான்கு துறைகளும் தனித்தனியே நடந்தால் என்ன நேரும் என்பதை வங்கத்தில் காணலாம். குளத்துநீரும் ஆற்றுநீரும் வயிற்றுப்போக்கைப் பரப்பியதால், 1970களிலிருந்து வங்கதேசத்தில் அடிபம்புக் குழாய்க்கிணறுகள் பேரளவில் போடப்பட்டன. நோய்க்கிருமி இல்லாத நீர் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஆர்சனிக் இருக்கிறதா என்று அன்று எவரும் வழக்கமாகச் சோதிக்கவில்லை. நிறமும் மணமும் சுவையும் இல்லாத அந்த நஞ்சைக் குடிப்பவரும் அறிய வழியில்லை. மேற்கு வங்கத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, மார்பில் மழைத்துளி தெறித்ததுபோல் புள்ளி விழுந்து வந்த நோயாளிகளை, கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தோல் மருத்துவர் க. ச. சாகா 1980களின் தொடக்கத்தில் அடையாளம் கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியலர் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகக் கிணற்று நீரை அளந்து நோயின் பரப்பைக் காட்டினார்.

நஞ்சு ஆலையிலிருந்து வந்ததன்று. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த மணலில், இரும்புத் துருப் படலத்தோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் புதைந்திருந்தது. உடன் புதைந்த தாவரக் கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள், உயிர்வளி தீர்ந்த ஆழத்தில் அதற்கு மாற்றாக இரும்பைப் பயன்படுத்தும்போது, படலம் கரைந்து ஆர்சனிக் நீருக்குள் விடுபடுகிறது. இது வேதியியல். விடுபட்டது ஏன் கடலுக்கு அடித்துச் செல்லப்படவில்லை என்பதற்கு டார்சி விடை சொல்கிறார்: கழிமுகச் சமவெளியில் நீர்மட்டச் சரிவு மிக மிகக் குறைவு, சரிவு குறைந்தால் ஓட்டமும் குறையும், இளம் மணற்படுகை கழுவப்படாமலே கிடக்கிறது.

ஆர்சனிக் நோயை உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாததால், நீரை மாற்றுவதே முதன்மையான சிகிச்சையாகிறது. உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வகுத்த எல்லையை, ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழுள்ள பழைய பழுப்பு மணலின் நீர் பெரும்பாலும் மீறுவதில்லை. அந்த ஆழ்நீரை எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஹாலி மைக்கேலும் கிளிஃபோர்ட் வோஸும் கணினி மாதிரியில் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். வீட்டுத் தேவைக்கு மட்டும் ஆழத்திலிருந்து எடுத்து, பாசனத்தை மேல்மட்ட நீரோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பகுதி நிலத்தில் ஆழ்நீர் நெடுங்காலம் காக்கப்படும். பாசன மோட்டாரும் அதே ஆழத்துக்கு இறங்கினால் மேலிருக்கும் நஞ்சு நீர் கீழ்நோக்கி இழுபடும் என்பது அவர்கள் கண்டது. அந்த மாதிரியில் ஓட்டத்தைக் கணக்கிடும் சமன்பாடு 1855இல் திஜோன் மருத்துவமனையில் கிடைத்ததே. எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு ஆழம் என்ற ஆணையை மட்டும் இன்று ஊராட்சியும் வேளாண் துறையும் பிறப்பிக்க வேண்டியிருக்கிறது.