எடின்பரோவுக்குக் குடிபோகும் பிள்ளைகளும் மூன்றாம் மாடிப் படிக்கட்டும்

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களோடு பெற்றோரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய சில விஷயங்களை, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பணம். குடும்பத்தோடு வேலை விசாவில் போகிறவர்கள் விசா கட்டணம் தவிர, சுகாதாரக் கட்டணம் ஒன்றையும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மூன்று ஆண்டு விசாவில் போனால், இது மட்டும் 10,866 பவுண்டு. விமானம் ஏறும் முன்பே கையைவிட்டுப் போகும் பணம். கம்பெனி இதைத் தருமா என்று வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீடு. போட்டோவை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். ஸ்காட்லாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இங்கிருந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். எண் இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான்! அந்தப் பணத்தையும் உரிமையாளர் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது. 30 வேலை நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்த வேண்டும். 2017 டிசம்பருக்குப் பிறகு போடும் வழக்கமான ஒப்பந்தங்களில், வாடகைதாரர் 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யலாம். அதனால் முதலில் சில வாரம் தற்காலிகமாக எங்காவது தங்கி, நேரில் பார்த்துப் பேசி முடிப்பதே நல்லது.

வாடகையோடு செலவு முடியாது. கவுன்சில் வரியை அங்கே குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். தண்ணீர், கழிவுநீர்க் கட்டணமும் அந்த பில்லிலேயே வரும். ஒருவர் மட்டும் வசித்தால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு வரிவிலக்கு உண்டு, ஆனால் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

எடின்பரோவின் பழைய நகரமும் புதிய நகரமும் 1995 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 'புதிய' நகரம் என்றாலும் அதன் வரைபடம் 1767-ல் போட்டது! கல் சுவர், உயரமான கூரை, பழைய மரச் சன்னல். பார்க்க அழகு, குளிர்காலத்தில் ஹீட்டர் பில் கையைக் கடிக்கும். பாரம்பரியக் கட்டடத்தில் சன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும். வீட்டின் எரிசக்திச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'ஏ' நல்லது, 'ஜி' மோசம். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்தான். தனியாகப் போகும் பிள்ளைக்கு அந்த மாதங்கள் மனத்தளவில் கடினமானவை. இங்கிருந்து அடிக்கடி பேசுங்கள்.

இப்போது பெற்றோருக்கு. அந்தப் பழைய அடுக்குமாடிகளை டெனமென்ட் என்பார்கள். பொதுவான கல் படிக்கட்டு ஒன்று, அதைச் சுற்றி வீடுகள். லிஃப்ட் பெரும்பாலும் கிடையாது. முகவரியில் '3எஃப்2' என்று இருந்தால் மூன்றாம் மாடி, இரண்டாவது வீடு என்று பொருள். முட்டிவலி உள்ள அம்மா ஆறு மாதம் வந்து தங்குவார் என்றால், வீடு பார்க்கும்போதே பிள்ளை அதை யோசிக்க வேண்டும். பார்வையாளராக வரும் பெற்றோருக்கு மருத்துவமனைச் செலவு இலவசமில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். விசாவில் வசிக்கும் பிள்ளைகள், போன வாரத்திலேயே பக்கத்து டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ளட்டும். ஸ்காட்லாந்தில் டாக்டர் எழுதித் தரும் மருந்துக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக, நம் சங்கத்துக்கும் தொடர்புள்ள ஒரு செய்தி. 1861 நவம்பரில் எடின்பரோ ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய அடுக்குமாடி இரவில் இடிந்து விழுந்து 35 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ஹென்றி லிட்டில்ஜான் அந்நகரின் முதல் சுகாதார மருத்துவ அதிகாரியாக நியமிக்கப்பட்டார். இன்று அங்கே 2004-ஆம் ஆண்டின் டெனமென்ட் சட்டம் இருக்கிறது. பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், பெரும்பான்மை உரிமையாளர்கள் முடிவெடுத்துப் பழுது பார்க்கலாம். கூரை ஒழுகினால் கீழ்த்தளத்துக்காரரும் பங்கு தர வேண்டும். 'என் வீட்டில் ஒழுகவில்லையே' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நம் மொட்டைமாடி நீர்க்கசிவு வேலைக்கு இன்னும் பங்கு தராதவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

போகும் பிள்ளைகள் நலமாகப் போய்வரட்டும். விவரம் வேண்டுபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேளுங்கள்.