நண்பன் கல்யாணத்துக்குக் கேமரா எடுக்குமுன்



"நீதான்டா கேமரா வச்சிருக்கே, என் கல்யாணத்துக்கு நீயே எடுத்துடு" என்று நண்பன் சொன்னால் நமக்குத் தலைகால் புரியாது. கொஞ்சம் பயமும் வேண்டும். தாலி கட்டுவது ஒரே தடவைதான். "இன்னொரு தரம் கட்டு" என்று கேட்க முடியாது.

திருவேற்காடு கோயிலோ பூந்தமல்லி மண்டபமோ, முகூர்த்த வேளையிலேயே ஒருநாள் போய்ப் பாருங்கள். விடியற்காலை வெளிச்சம் வேறு. ஹோமப் புகையில் பிளாஷ் அடித்தால் வெள்ளைத் திரைதான் விழும். கோயிலில் எங்கே படம் எடுக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதைக் கைகள் எல்லாம் எழும்பும். எதிரே நின்றால் கைகள்தான் படத்தில் இருக்கும். ஐயரிடம் சொல்லிவைத்து, மணமேடைக்குப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள்.

முன்பு ஒரு பிலிம் சுருளில் 36 படம். எண்ணி எண்ணி எடுத்தோம். உதகையில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடியாயிற்று. இப்போது ஆயிரம் எடுக்கலாம். கார்டு கெட்டால் ஆயிரமும் போச்சு! கார்டு இரண்டு, பேட்டரி இரண்டு, அன்றிரவே ஒரு நகல்.

முக்கியமாக, யார் யாரைக் கட்டாயம் எடுக்கணும் என்று நண்பனிடம் பட்டியல் வாங்குங்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி யாரென்று ஸ்டூடியோக்காரருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பத்து வருஷம் கழித்து ஆல்பத்தில் அவன் முதலில் தேடுவது அந்த முகத்தைத்தான்.