பக்கத்துப் பள்ளியின் வகுப்பறைக்குள்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையின் காலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலர் எனக்குக் கொடுத்த தலைப்பு "வருங்காலக் கல்வி". நான் ரயில்வே சிக்னல் எஞ்சினியர். இதே கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இப்போது லண்டனில் வேலை பார்க்கிறேன். கல்வியைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான். அங்கே என் மகள் படிக்கும் ஆரம்பப் பள்ளியில், பெற்றோர் சார்பாக நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். நான்கு வருடப் பதவி, சம்பளம் கிடையாது. வேலை முடிந்து போய், ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் பேச்சைக் கேட்க வேண்டும். அந்தக் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும் உண்டு. நான் இங்கே சொல்லப்போவதில் பாதி அவரிடம் கேட்டது, மீதி அதன்பிறகு தேடிப் படித்தது.

இன்று மதியம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. கல்லூரியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்கு நம் சங்க நிதியிலிருந்து ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுப்பது என்று செயற்குழு யோசித்திருக்கிறது. நல்ல மனதோடு வந்த யோசனை. ஆனால் பணம் கைமாறுவதற்கு முன்னால் வேறொரு செலவையும் உங்கள் முன் வைக்கணும்னுதான் இந்த வாய்ப்பைக் கேட்டு வாங்கினேன்.

லண்டன் பள்ளி என்றால் நமக்கு உடனே பெரிய கட்டடம், கோட்டு, டை எல்லாம் ஞாபகம் வரும். உண்மை அப்படி இல்லை. 1990களில் லண்டனின் உள்நகரப் பகுதிப் பள்ளிகள் இங்கிலாந்திலேயே மோசமான தேர்ச்சி காட்டியவை. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆசிரியர்கள் வந்து நிலைக்கவில்லை. பல பள்ளிகளில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம் கிடையாது. 2003இல் அரசு "லண்டன் சேலஞ்ச்" என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு, 2008 முதல் ஆரம்பப் பள்ளிகளுக்கும். 2011இல் திட்டம் முடிந்தது. அதற்கு முந்தைய வருடமே, அங்கே பள்ளிகளைச் சோதிக்கும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு, லண்டன் உயர்நிலைப் பள்ளிகள் நாட்டின் சராசரியைத் தாண்டிவிட்டன என்று எழுதியது.

இதன் முதல் ஆணையராக இருந்தவர் டிம் பிரிக்ஹவுஸ். பர்மிங்காம் நகரக் கல்வித்துறையைப் பல வருடம் நடத்தியவர், 2023 டிசம்பரில் காலமானார். அவரும் அவரோடு இருந்தவர்களும் செய்ததில் எனக்குப் பிடித்தது, திட்டத்தின் பணத்தையோ கட்டடத்தையோ பற்றியது அல்ல. தலைமையாசிரியர்களை அவர்கள் நடத்திய விதம்.

மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு வழக்கமாக ஒரு பெயர் இருக்கும். "தோல்வியடைந்த பள்ளி". அந்தப் பெயரை எடுத்துவிட்டு, "வெற்றியின் திறவுகோல்" பள்ளிகள் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பள்ளிகள் சரியானால்தான் லண்டன் சரியாகும் என்று அதற்குப் பொருள். பெயரில் என்ன இருக்கு என்று நாம் சிரிக்கலாம். ஆனா பேரு மாறினதும் அந்தத் தலைமையாசிரியர் கூட்டத்தில் தலை நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று எங்கள் குழுவின் அம்மையார் சொன்னார். பார்த்தவர் சொல்வது, நம்புகிறேன்.

அடுத்தது, எஞ்சினியராகிய எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. "பள்ளிக் குடும்பங்கள்" என்று ஒரு புத்தகம் போட்டார்கள். ஒரே மாதிரிப் பிள்ளைகள் சேரும் பள்ளிகளை ஒரு குடும்பமாகப் பிரித்தார்கள். பிள்ளைகள் உள்ளே வரும்போது என்ன மதிப்பெண்ணோடு வருகிறார்கள், எத்தனை பேர் இலவச உணவு வாங்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், இப்படி. அதே பிள்ளைகள் வெளியே போகும்போது எப்படிப் போகிறார்கள் என்பதைப் பள்ளியின் பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார்கள். இப்போ பாருங்க, ஒரு தலைமையாசிரியர் "என் பிள்ளைகள் ஏழைகள், நான் என்ன செய்ய" என்று சொல்ல முடியாது. அதே ஏழைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணக்கில் நன்றாகச் செய்யும் பள்ளி அதே பக்கத்தில் இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது, போனை எடுத்து "உங்க பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு நாள் வரலாமா?" என்று கேட்பதுதான்.

கேட்டார்கள். போனார்கள். அனுபவமுள்ள தலைமையாசிரியர்கள் ஆலோசகர்களாக இருந்து எந்தப் பள்ளியை எந்தப் பள்ளியோடு சேர்ப்பது என்று பார்த்தார்கள். அதிலும் ஒரு சூட்சுமம். லண்டனில் 33 உள்ளாட்சி நிர்வாகங்கள் உண்டு. ஒரே தெருவில் பிள்ளைகளுக்குப் போட்டி போடும் இரண்டு பள்ளிகளைச் சேர்த்தால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் எல்லை தாண்டி, போட்டி இல்லாத பள்ளியைத் தேடிச் சேர்த்தார்கள். உதவிக்குப் போகும் பள்ளிக்கு, அந்த நேரத்துக்கான செலவைத் திட்டமே கொடுத்தது. பல பள்ளிகளின் ஆசிரியர்கள் கூட்டமாக ஒரு நல்ல பள்ளிக்குப் போய், அங்கே பாடம் நடக்கும்போதே பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கற்றுக்கொள்ளப் போனவர்களைவிட, சொல்லிக்கொடுத்த பள்ளியே அதிகம் தேறியது என்பார் எங்கள் அம்மையார். நாம் செய்வதை நாலு பேருக்கு விளக்க வேண்டி வந்தால்தான் நமக்கே அது புரிகிறது என்பது ஆய்வகத்தில் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் துறையிலும் இப்படி ஒன்று நடந்தது. 1999 அக்டோபரில் லண்டனில் லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 31 பேர் இறந்தார்கள். விசாரணைக்குப் பிறகு, ரயில் விபத்துகளை ஆராய ஒரு தனி அமைப்பு 2005இல் வேலையைத் தொடங்கியது. அது யார்மீதும் குற்றம் சாட்டாது. என்ன நடந்தது, எப்படித் தடுக்கலாம் என்று மட்டும் எழுதி, எல்லாரும் படிக்க வெளியிடும். போட்டிக் கம்பெனிகளும் அதைப் படித்துத் தங்கள் வேலையைத் திருத்துகின்றன. திட்டு விழும் என்ற பயம் இருக்கும் இடத்தில் தகவல் வெளியே வராது. சிக்னல் ஆனாலும் சரி, பள்ளிக்கூடம் ஆனாலும் சரி.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். லண்டன் முன்னேறியதற்கு இந்தத் திட்டம்தான் காரணம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆரம்பப் பள்ளிகளில் 1990களின் பின்பகுதியிலேயே முன்னேற்றம் தொடங்கிவிட்டது என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சைமன் பர்கஸ் அதே வருடம், லண்டனில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் இருப்பதும் அவர்கள் படிப்பில் காட்டும் முனைப்புமே பெரிய காரணம் என்றார். நானே அப்படிக் குடியேறியவன், என் மகள் வீட்டுப்பாடம் செய்யும் நேரத்தில் என் வீட்டில் டி.வி. ஓடாது, அதனால் அவர் சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. இளம் பட்டதாரிகளை ஆசிரியர்களாக்கும் "டீச் ஃபர்ஸ்ட்" என்ற அமைப்பும் 2003இல் லண்டனில்தான் முதலில் வகுப்பறைக்குள் வந்தது. இத்தனையும் கலந்துதான் நடந்திருக்கிறது. ஆனாலும், அந்த வருடங்களில் அங்கே வேலை பார்த்த ஆசிரியர்களிடம் கேட்டால், முதலில் சொல்வது "மற்ற பள்ளிகளைப் போய்ப் பார்த்தோம்" என்பதைத்தான்.

சரி, இது லண்டன் கதை. நம்ம ஊரில் என்ன?

நமக்கு இதில் நல்ல மரபு இருக்கிறது. 1954இல் பொதுக்கல்வி இயக்குநரான நெ.து. சுந்தரவடிவேலு, 1950களின் பின்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான், 1956இல். அந்த மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், ரொக்கம் என்று அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள். பள்ளிக்குக் கூரையே இல்லாத காலம் அது, கொடுத்தது சரி. நம் சங்கம் ஸ்மார்ட் போர்டு கொடுக்க நினைப்பதும் அந்த வழியில் வந்ததுதான்.

இன்னொரு யோசனையும் நம் நாட்டிலேயே பிறந்தது. 1964இல் அமைத்த கோத்தாரி கல்விக் குழு, 1966இல் தந்த அறிக்கையில், ஓர் உயர்நிலைப் பள்ளியை நடுவில் வைத்து, சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை ஒரு தொகுதியாக இணைக்கச் சொன்னது. ஆசிரியர்கள் தனித்தனித் தீவாக இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். லண்டன் திட்டத்துக்கு 37 வருடம் முந்தியது இது! 2020இன் தேசியக் கல்விக் கொள்கையிலும் அதே பேச்சு வருகிறது. அந்தக் கொள்கையைச் சுற்றியுள்ள மற்றச் சண்டைகளுக்குள் நான் போகவில்லை, போனால் நேரம் போதாது, உணவு வேளையும் நெருங்குகிறது.

நம் மாநிலத்தில் குறுவள மையக் கூட்டங்கள் நடந்து வந்திருப்பது ஆசிரியர் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் சனிக்கிழமை. ஆசிரியர்கள் கூடுகிறார்கள், பயிற்சி நடக்கிறது. ஆனால் சனிக்கிழமை வகுப்பறையில் பிள்ளைகள் இல்லை. பாடம் நடப்பதைப் பார்க்க முடியாது. சமையல் செய்முறையைப் படிப்பதற்கும் அடுப்படியில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

விடுமுறைக்கு வந்த இந்த மூன்று வாரத்தில் நம் கல்லூரிப் பேருந்து போகும் வழியில் உள்ள நான்கு அரசுப் பள்ளிகளுக்குப் போனேன். ஒன்று ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தலைமையாசிரியை அம்மா 22 வருட சர்வீஸ். பாடமும் அவர்தான், சத்துணவுக் கணக்கும் அவர்தான், செல்போனில் வருகைப் பதிவும் அவர்தான். ஸ்மார்ட் போர்டு தந்தால் உதவியாக இருக்குமா என்று கேட்டேன்.

"குடுங்க தம்பி, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதைப் போட்டு நடத்த எனக்கு ஒரு ஆளு வேணுமே" என்றார்.

பக்கத்துப் பள்ளியில் போர்டு இருக்கிறதே, எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தீர்களா என்றேன்.

"அந்த எச்.எம். சாரை நான் மீட்டிங்ல மட்டும்தான் பார்க்கிறேன். அவரு வகுப்புக்குள்ள ஒரு நாளும் போனதில்ல. நாலு கிலோமீட்டர்தான். ஆனா நான் போனா இங்க அஞ்சு கிளாசையும் யாரு பார்ப்பா?"

நாலு கிலோமீட்டர். நண்பர்களே, அந்த மீட்டிங் எப்படிப்பட்டது என்றும் சொன்னார். எண்ணிக்கை குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் யார், "எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வரவில்லை, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று பக்கத்து நாற்காலியைக் கேட்பார்?

ஆகவே என் திருத்தம் இதுதான். நம் பேருந்து வழியில் 11 அரசுப் பள்ளிகள். பருவத்துக்கு இரண்டு நாள், பள்ளி வேலை நாளில், தலைமையாசிரியர்களில் நாலைந்து பேராக ஒரு பள்ளிக்குப் போகட்டும். காலையில் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும், மதியம் அவர்களுக்குள் பேசட்டும். நாம் யாரும் அங்கே போய்ச் சொற்பொழிவு செய்ய வேண்டாம், பேனர் வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். வண்டியும் சாப்பாடும் நம் பொறுப்பு. முக்கியமான செலவு, அந்த நாளில் அவர்கள் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான மதிப்பூதியம். 2021 அக்டோபரில் தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பி.எட். முடித்தவர்களும் உண்டு, ஊர்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக, வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியோடு, அவர்களைக் கேட்கலாம்.

அனுமதி எளிதில் கிடைக்காது என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். நம் சங்கத்திலேயே கல்வித்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற இரண்டு பேர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். மனுவை எப்படி எழுதினால் நகரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு போர்டின் விலையில் ஒரு வருடம் இதை நடத்தலாம். பார்த்துவிட்டு வந்த பிறகு அவர்களே கூடி, "எங்களுக்குப் போர்டுதான் வேணும்" என்று கேட்டால், அடுத்த வருடம் வாங்கிக் கொடுப்போம். எந்தப் பள்ளிக்கு, எந்த அறைக்கு என்பதை அவர்கள் சொல்லட்டும்.

திருத்தத்தை எழுதிப் பொருளாளர் கையில் கொடுத்துவிட்டேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருத்தர் வேணும். சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள்.