தச்சு தெரியாதவர்கள் கட்டும் படகு

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரக் கயாக் ‘கிட்’ ஒன்றை வாங்கி நம் வளாகத்திலேயே கட்டலாமா என்று சிலர் கேட்டு வருகிறீர்கள். கட்டலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை சில உண்டு.

கயாக் என்பது ஆர்க்டிக் பகுதி மக்களின் வேட்டைப் படகு. மரத்திலோ எலும்பிலோ சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைத் தைத்தார்கள். இன்றைய கிட்டில் தோலுக்குப் பதில் மெல்லிய பிளைவுட். அதன் விளிம்புகளைச் செம்புக் கம்பியால் தைத்து, எபாக்ஸி பசையால் ஒட்டுவார்கள். இந்த முறை 1960களில் இங்கிலாந்தில் பரவியது. 1963இல் டெய்லி மிரர் நாளிதழ் இதே முறையில் ‘மிரர்’ என்ற சிறு பாய்மரப் படகைக் கிட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதுவரை 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாகியுள்ளன. அவற்றில் ஏராளமானவை சாதாரணக் குடும்பத்தினர் வீட்டில் கட்டியவை.

பலகையைத் தைப்பது நம் கரைக்கும் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்களைக் கரை சேர்த்த மசூலா படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி கிடையாது. அலை அறைந்தால் பலகை வளைந்து கொடுக்கும். அதில் கயிறுதான் கடைசிவரை தாங்கும். கிட் படகில் கம்பி தற்காலிகம். பசை இறுகியதும் வெட்டி எடுத்துவிடலாம்.

பலகைகள் அளவாக வெட்டப்பட்டே வரும். அதனால் தச்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. விளிம்பில் துளையிட்டுத் தைத்தால் படகின் வடிவம் தானே வந்துவிடும். பிறகு மரத்தூள் கலந்த எபாக்ஸியை மூட்டுகளில் பூச வேண்டும். அதன்மேல் கண்ணாடியிழைத் துணி, பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, கடைசியாக வார்னிஷ். வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும் என்பதால் வார்னிஷை விடக்கூடாது. கிட் நமக்கு அளவைக் கொடுக்கிறது. பொறுமையை நாம்தான் போட வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் செய்தால் மாதக்கணக்கில் போகும் வேலை இது.

எபாக்ஸி விஷயத்தில் கறாராக இருங்கள். பிசினும் கடினமாக்கியும் உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தில்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால் பசை சரியாக இறுகாது. ஒரே டப்பாவில் நிறையக் கலந்தால் தானே சூடேறிப் புகையும். நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் கெட்டியாகிவிடும். ஆகவே காலை வேளையில், சிறிது சிறிதாகக் கலக்குவதே நல்லது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். முழுக்கக் காயாததைத் தேய்க்கவும் கூடாது. தேய்க்கும்போது தூசு முகமூடி அவசியம்.

இனி நம் பிரச்சினைக்கு வருகிறேன். கடலில் செல்லும் கயாக் 16, 17 அடி நீளம் இருக்கும். அது லிஃப்டில் ஏறாது, மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது. மூன்றாவது மாடி ஹாலில் கட்டினால் அங்கேயே அலமாரியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கீழே உள்ள கார் நிறுத்தமும் ஆகாது. அங்கே காற்றோட்டம் குறைவு. தூசு எல்லோர் கார் மேலும் படியும், பிள்ளைகள் விளையாட வருவார்கள். தரைத்தளத்தில் கூரையுள்ள, திறந்த இடம் ஒன்று வேண்டும்.

எனவே என் யோசனை இது. நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே கிட் வாங்குங்கள். எந்த இடம், எத்தனை மாதம், எந்த நேரத்தில் தேய்ப்பு வேலை, குப்பையை யார் அகற்றுவது என்று எழுதிப் பொதுக்குழுவில் வையுங்கள். கட்டிய படகை எங்கே வைப்பது, எந்த நீர்நிலையில் ஓட்ட அனுமதி கிடைக்கும் என்பதையும் இப்போதே விசாரியுங்கள். உயிர்காப்பு அங்கிக்கான பணத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள். அது இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது.

இவ்வளவு கேட்டபின்னும் ஆசை இருப்பவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். ஓய்வுபெற்றவர்களுக்கு மாலைப் பொழுதில் வேலை கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள், ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதைக் கூடவே நின்று பார்க்கலாம். இடம் முடிவாகட்டும், பிறகு ஆர்டர் கொடுக்கலாம்.