பூட்டிய வீடும் மூடிய சாலையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொள்ளைநோய்க் காலத்தில் இரண்டாவது வீடு வைத்திருப்போரின் உரிமை என்ன என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும், "ஒரு வீட்டுக்கே வழியில்லாதவர்களுக்கு இரண்டாவது வீட்டைப் பற்றி என்ன பேச்சு?" என்று சில தோழர்கள் சிரித்தார்கள். சிரிப்பு நியாயந்தான். ஆனால் மும்பையில் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, நெல்லைச் சீமையிலே தகப்பனார் கட்டிய ஓட்டு வீட்டின் சாவியைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோமே, நாம் யார்? 2020-இல் சோதனைச்சாவடியில் நின்றபோது, நம்முடைய ஊர் எல்லையிலேயே நாம் வெளியூர்க்காரர்களாக எண்ணப்பட்டோம். ஆகவே இது பணக்காரர் பிரச்சினை மட்டுமன்று.

முதலில், இந்தக் கேள்வியை நீதிமன்றம்வரை கொண்டுசென்ற ஒரு வழக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில் டேர் கவுண்டி என்று ஓர் உள்ளாட்சிப் பகுதி இருக்கிறது. மணல் தீவுகளும் பாலங்களும் கொண்ட இடம். நிரந்தரக் குடிகள் சுமார் 37,000 பேர். வீடுகளில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். 2020 மார்ச்சில் அந்தக் கவுண்டி நிர்வாகம் முதலில் சுற்றுலாப் பயணிகளைத் தடுத்தது. பிறகு மார்ச் 20 முதல், அங்கே வீடு வைத்திருந்தும் அங்கேயே குடியிருக்காதவர்களையும் தடுத்தது. உள்ளூர் முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம் காட்டியவர் உள்ளே போனார். வீட்டுப் பத்திரம் காட்டியவர் திரும்பிப் போனார். 45 நாட்கள் இந்தத் தடை நீடித்தது.

வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். ஈடு கொடுக்காமல் தனியார் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாகாது என்கிறது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம். "எங்கள் வீட்டுக்குள் எங்களையே விடாதது சொத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம்" என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2023 ஜனவரியில் நான்காவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அரசு அந்த வீட்டைக் கைப்பற்றவில்லை. வேறு யாரையும் அதில் குடிவைக்கவில்லை. தடை சிறிது காலத்துக்கானது. நோய்ப் பரவலைத் தடுக்கவே போடப்பட்டது. ஆகையால் நஷ்டஈடு இல்லை என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தீர்ப்போடு நமக்குச் சண்டையில்லை. பொதுநலனுக்காகச் சில வாரம் ஒரு வழியை அடைக்கும்போதெல்லாம் வீட்டுக்காரருக்கு ஈடு தரவேண்டுமென்றால், மருத்துவமனைக்குப் போகவேண்டிய பணம் கடற்கரை மாளிகைக்காரர் கைக்குப் போய்ச்சேரும். ஆனால் நீதிமன்றத்தில் சொத்து என்ற பெயரால் கேட்கப்பட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. தொற்று மிகுந்த நகரத்துக்குப் போய்வந்த உள்ளூர்வாசி உள்ளே போகலாம். ஒருவரோடும் பழகாமல் தம் வீட்டில் தனித்திருக்கத் தயாரான வெளியூர்வாசி போகக்கூடாது. நோய்க்கிருமி முகவரி பார்த்தா வருகிறது? அந்த வெளியூர்க்காரர் அங்கே வீட்டுவரி கட்டுகிறார். ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவரை வெளியே நிறுத்துவது எந்த நிர்வாகத்துக்கும் எளிதான காரியம். இது நமக்குத் தெரியாத பாடமா, தோழர்களே?

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நார்வே நாட்டிலும் அதே 2020 மார்ச்சில், தாம் வாழும் நகராட்சிக்கு வெளியே உள்ள மலைவீடுகளில் இரவு தங்குவதற்கு அரசு தடைபோட்டது. ஏப்ரல் 20-இல்தான் அது நீங்கியது. சின்ன ஊரின் மருத்துவரும் செவிலியரும் அந்த ஊரின் குடிகளுக்குப் போதும் என்ற கணக்கில் இருப்பவர்கள். நகரமே அங்கே போய் இறங்கினால் தாங்காது என்பதே காரணம். இது பொய்யான காரணமன்று. அந்த ஆண்டு மே மாதம் நம்மவர்கள் மகாராஷ்டிரத்திலிருந்து தென்மாவட்டங்களுக்குத் திரும்பியபோது அவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஊரார் பயந்ததில் தவறில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சொத்துரிமை இங்கே அடிப்படை உரிமையன்று. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300-ஏ பிரிவில் வெறும் சட்ட உரிமையாக வைத்தது. ஆனால் நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும் எங்கும் குடியிருக்கவும் 19-ஆவது பிரிவு தரும் உரிமை அப்படியே இருக்கிறது. பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். 'நியாயமான' என்ற சொல்லை நாம் மறந்துவிடலாகாது.

2020-இல் நடந்தது என்ன? தமிழ்நாட்டில் இ-பாஸ் முறையில் திருமணம், மரணம், மருத்துவம் ஆகியவை பயணக் காரணங்களாக ஏற்கப்பட்டன. மழையில் ஓடு சரிந்தது காரணமாகவில்லை. மாநிலங்களுக்கிடையிலும் மாநிலத்துக்குள்ளும் செல்லத் தனி அனுமதி தேவையில்லை என்று ஜூலை 29-இல் மத்திய அரசு அறிவித்தது. மாநிலத்துக்குள் செல்ல இ-பாஸ் வேண்டாமென்று தமிழக அரசு விலக்கியது செப்டம்பர் 1 முதல்தான். அப்போதும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அனுமதி தேவைப்பட்டது. ஊட்டியில் பங்களா வைத்திருப்பவர் சென்னை வீட்டிலிருந்தபடி காத்திருப்பார். வேலையும் போய், வாடகையும் கொடுக்க முடியாமல் நிற்கும் நம் தொழிலாளிக்கு ஊர் வீடுதான் கடைசிப் புகலிடம். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?

ஆகவே நாம் சொத்தைக் காட்டி உரிமை கேட்கக்கூடாது என்பதே எங்கள் முடிவு. சொத்தைக் காட்டினால், பட்டா இல்லாத குடிசைக்காரரும் அண்ணன் வீட்டுத் திண்ணையில் படுக்கப் போகிறவரும் வெளியே நின்றுவிடுவார்கள். மனிதன் தன் இருப்பிடத்துக்குப் போகும் உரிமையைத்தான் நாம் கேட்கவேண்டும்.

இதே பம்பாயில் 1896-இல் பிளேக் பரவியபோது வெள்ளைக்கார ஆட்சி அவசரமாக இயற்றியது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். 2020-இல் அதையும் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் வைத்தே காரியம் நடந்தது. அடுத்த கொள்ளைநோய் வருமுன் நான்கு விதிகள் எழுத்தில் வரவேண்டும். தடை உத்தரவில் காரணமும் முடிவு தேதியும் இருக்கவேண்டும். முகவரியைப் பார்த்துத் தடுப்பதைவிட, பரிசோதித்துத் தனிமைப்படுத்தி உள்ளே விடவேண்டும். வேறு புகலிடம் இல்லாதவரை, அவருடைய ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும், திருப்பி அனுப்பக்கூடாது. மறுப்பதானால் எழுத்தில் மறுக்கவேண்டும். மேல்முறையீட்டுக்கு உடனே இடம் வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. ஊருக்குப் போகும் உரிமையைக் கேட்கும் நாம், போனபின் சொன்ன நாள்வரை வீட்டுக்குள் தனித்திருக்கும் ஒழுங்கையும் ஏற்கவேண்டும். அந்தக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் படுக்கையும் மருத்துவரும் கேட்டு ஊராரோடு சேர்ந்து மனுப்போடவும் வேண்டும். ஊரார் நமக்கு எதிரிகளல்லர். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆள் போடாமல் நம்மை மட்டும் சாவடியில் நிறுத்திய நிர்வாகத்தைத்தான் நாம் இருசாராரும் கேள்வி கேட்கவேண்டும்.

இந்த நான்கு விதிகளையும் தீர்மானமாக நிறைவேற்றி இரு மாநில அரசுகளுக்கும் அனுப்புமாறு சங்கத்தைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.