ஓட்டுக்கு மட்டும் கதவைத் தட்டாதீங்க

(புன்னக்காயலில் நடந்த மூத்தோர் சந்திப்பில் நமது மாவட்டப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படியுங்கள். உங்கள் கிளை நிர்வாகிகளுக்கும் பகிருங்கள்.)



மைக்கைக் கையில வாங்குறதுக்கு முன்னால ஒரு ஆச்சிகிட்ட, "எப்படி ஆச்சி இருக்கிய?"ன்னு கேட்டேன். "சாப்பாட்டுக்குக் குறை இல்ல ஐயா. பேச்சுக்குத்தான் ஆள் இல்ல"ன்னு சொன்னாங்க. நான் எழுதிட்டு வந்த பேச்சை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டேன். இன்னிக்கு அந்த ஒரு வரியைப் பத்திதான் பேசப் போறேன்.

தாமிரபரணி கடலோட சேர்ற ஊர் இது. 400 வருஷத்துக்கு முன்னாலயே உலகத்துக்குப் பேர் தெரிஞ்ச ஊர். போர்ச்சுகல்ல பிறந்து இந்தக் கடற்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார், தமிழைப் படிச்சு, தமிழ்ல எழுதி, புத்தகமா அச்சடிச்சவர். இந்த ஊர்ல அவர் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையும் நடத்தினார். ஊர் மக்கள் கொடுத்த காசும் அதுக்குள்ள இருக்கு. 80 வயசை ஒட்டி, 1600ஆம் ஆண்டு அவர் கண்ணை மூடினார். சொந்த ஊரும் உறவும் கடலுக்கு அப்பால இருந்தும், கடைசி வரைக்கும் அவருக்கு ஆள் இருந்தாங்க. வேத்து நாட்டுக்காரரையே தன் மனுசனாப் பார்த்துக்கிட்ட ஊர் இது. அந்த ஊர்லயே ஒரு ஆச்சி பேச்சுக்கு ஆள் இல்லன்னு சொன்னா, நாம யோசிக்கணுமா வேண்டாமா?

இதுக்கு யாரையும் குத்தம் சொல்ல நான் வரல. மகன் கப்பலுக்குப் போயிருப்பான், இல்ல வளைகுடாவுல இருப்பான். மகள் கட்டிக்கொடுத்த ஊர்ல இருப்பா. பேரப்பிள்ளைக படிப்புக்காகத் தூத்துக்குடியிலயோ சென்னையிலயோ இருப்பாங்க. எல்லாரும் இந்த வீட்டுக்காகத்தான் உழைக்கிறாங்க. ஆனா வீட்டுல மிச்சம் இருக்கிறது ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு வயசான ஆள்.

கணக்கும் கொஞ்சம் பாத்துருவோம். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல நூத்துக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல 60 வயசைக் கடந்தவங்க. 2031ல இது 18 பேரா உயரும்னு மத்திய அரசோட மதிப்பீடு சொல்லுது. கேரளாவுக்கு அடுத்து, நாட்டிலேயே முதியோர் அதிகமா இருக்கிற மாநிலங்கள்ல நாமளும் முன்வரிசையில நிக்கிறோம். இது ஒரு தெருவோட பிரச்சினை இல்ல, நம்ம மாநிலத்தோட நாளைய பிரச்சினை.

தனிமைன்னா மனசு சம்பந்தப்பட்டது, கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு சிலர் நினைக்கிறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல ஒரு அறிக்கை வெளியிட்டது. தனிமையோட தொடர்புடைய மரணங்கள் உலகத்துல வருஷத்துக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம்னு அதுல இருக்கு. மணிக்கு நூறு பேர்! இதய நோய், பக்கவாதம், சர்க்கரை, மனச்சோர்வு, மறதி நோய் எல்லாத்துக்கும் தனிமை வழி திறந்து விடுதுன்னு அதே அறிக்கை சொல்லுது. பிரிட்டன்ல 2018லயும் ஜப்பான்ல 2021லயும் தனிமைக்குன்னே ஒரு அமைச்சரைப் போட்டாங்க. பணக்கார நாடுகளே இதைப் பார்த்துப் பயந்துபோய் இருக்கு.

இன்னொரு விஷயம் நம்ம கண்ணுக்குப் படாமப் போகுது. காது. காது மந்தமானா பேச்சு புரியாது. புரியலன்னா திரும்பக் கேக்கக் கூச்சம். கூச்சப்பட்டுக் கல்யாண வீட்டுக்குப் போறதை நிறுத்துவாங்க. அப்புறம் கோயில் திண்ணைக்கும் போக மாட்டாங்க. நாம என்ன சொல்றோம்? "பெருசு யார்கூடவும் பேசறதில்ல"ன்னு சொல்றோம். காது கேக்காததுதான் காரணம்னு யாரும் பாக்கறதில்ல. மறதி நோயைத் தள்ளிப்போட உதவக்கூடிய விஷயங்கள்ல காது கேக்காமையைக் கவனிக்கிறதும், ஆட்களோட பழகுறதும் இருக்குன்னு 2024ல லான்செட் மருத்துவ ஆய்வுக் குழு சொல்லியிருக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள மூத்தோருக்குக் காது கேக்கும் கருவியும் மூக்குக் கண்ணாடியும் இலவசமாத் தர்ற ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா 2017ல இருந்தே இருக்கு. திட்டம் இருக்கு. ஆனா இந்தத் தெருவுக்கு அதைக் கொண்டு வந்து சேர்க்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நாமதான்.

இப்போ 2023 டிசம்பருக்கு வாங்க. மறந்திருக்க மாட்டீங்க. 17, 18 தேதி மழை. பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஆத்து வெள்ளம் மொத்தமும் இந்த முகத்துவாரத்துக்குத்தான் வந்துச்சு. ரோடு போச்சு, கரண்ட் போச்சு, போன் போச்சு. புன்னக்காயல் தீவா நின்னுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட நின்னுபோச்சு. அவங்களுக்குச் சோறாக்கிக் கொடுத்தது யாரு? பக்கத்து ஊர்க்காரங்க. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னால பக்கத்து வீட்டுக்காரன் வந்தான்.

அந்த ராத்திரியில, எந்த வீட்டுல நடக்க முடியாத தாத்தா இருக்காரு, எந்த ஆச்சிக்கு ராத்திரி மாத்திரை வேணும்னு யாருக்குத் தெரியும்? தாலுகா ஆபீஸ் பதிவேட்டுல அது இருக்காது. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

1995ல அமெரிக்காவுல சிகாகோ நகரத்துல கடும் வெயில் அடிச்சு 700 பேருக்கு மேல செத்தாங்க. தனியா இருந்த வயசானவங்க அதுல நிறைய. அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு பகுதி, ரெண்டுலயும் ஏழைங்க, ரெண்டுலயும் தனியா வாழ்ற முதியவர்கள். ஒண்ணுல சாவு பல மடங்கு அதிகம், இன்னொண்ணுல ரொம்பக் குறைவு. என்ன வித்தியாசம்? ரெண்டாவது பகுதியில தெருவுல கடை இருந்துச்சு, நடமாட்டம் இருந்துச்சு, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருந்துச்சு. எரிக் கிளைனன்பெர்க் என்கிற சமூகவியலாளர் இதை ஆராய்ஞ்சு புத்தகமே எழுதினார். வெயிலுக்கு நடந்தது வெள்ளத்துக்கும் பொருந்தும். புழங்குற தெரு உயிரைக் காப்பாத்தும்.

இனி நம்ம கட்சிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கசக்கும், பொறுத்துக்கோங்க.

நாம இந்த ஆச்சி வீட்டுக் கதவை எப்போ தட்டுறோம்? தேர்தலுக்குத் தட்டுறோம். காலையில ஆட்டோ கொண்டு வந்து நிறுத்தி, கையைப் பிடிச்சு இறக்கி, பூத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். அவங்களும் நல்ல சேலை கட்டி, தலை சீவி, ஒரு திருவிழா மாதிரி வருவாங்க. வழியில நாலு பேரைப் பாப்பாங்க. இப்போ 85 வயசைத் தாண்டினவங்க வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். நடக்க முடியாதவங்களுக்கு அது பெரிய உதவி, நான் எதிர்க்கல. ஆனா அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் இருந்த அந்த ஒரு வெளிநடையும் போனா, அதுக்குப் பதிலா நாம என்ன வச்சிருக்கோம்?

நானும் யோக்கியன் இல்ல. என் அப்பா கடலுக்குப் போறதை நிறுத்தின பிறகு, நான் ஊர் ஊராக் கூட்டம் போட்டுக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போனா, "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா"ன்னு ரெண்டே கேள்வி. ஒருநாள் அவர் சொன்னாரு, "வேற எதாவது கேளுடா, எனக்குக் கடலைப் பத்தித் தெரியும்." அதுக்கப்புறம் கேக்க எனக்கு ரொம்ப நாள் கிடைக்கல.

வாடைக்காத்து, கொண்டல், கச்சான் எப்போ திரும்பும், முகத்துவாரத்துல மணல் எந்தப் பக்கம் மேடாகும்ங்கிறது இந்த முன்வரிசைக்குத் தெரியும். இவங்களுக்கு இரக்கம் வேண்டாம். கேக்கிற ஆள் வேணும்.

அதனால நாலு வேலை சொல்றேன். இன்னிக்கே தொடங்குங்க.

ஒண்ணு. தெரு வாரியா ஒரு நோட்டு. தனியா இருக்கிறவங்க யாரு, என்ன மருந்து, யாரைக் கூப்பிடணும்னு எழுதுங்க. அவங்க சம்மதத்தோட எழுதுங்க, வாட்ஸ்அப் குழுவுல போடாதீங்க. மழை எச்சரிக்கை வந்தா முதல்ல அந்தக் கதவுகள்.

ரெண்டு. வாரம் ஒரு சாயங்காலம், கடற்கரையில நிழல் இருக்கிற இடத்துல பாய் விரிங்க. டீ நம்ம செலவு. கட்சிக்கொடி வேண்டாம். எந்தக் கட்சி, எந்தத் தெருன்னு கேக்க வேண்டாம்.

மூணு. ஓய்வூதியம். 2023ல முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாச்சு. இதுல 60 முதல் 79 வயசு வரைக்கும் மத்திய அரசோட பங்கு வெறும் 200. இதை உயர்த்தச் சொல்லி நாம போராடுவோம். கிடைக்க வேண்டியது கிடைக்காதவங்களோட மனுவை நீங்களே எழுதிக் கூடப் போங்க. பெத்தவங்களைக் கைவிட்டா கோட்டாட்சியர்கிட்ட முறையிட 2007ஆம் வருஷச் சட்டம் இருக்கு. முதியோர் உதவி எண் 14567. ஒவ்வொரு வீட்டுச் சுவத்துலயும் பெருசா எழுதி ஒட்டுங்க.

நாலு. ஊராட்சிக்கும் அரசுக்கும் நம்ம கோரிக்கை: இந்த ஊருக்கு ஒரு பகல்நேர முதியோர் மையம். நாற்காலி, கழிப்பறை, குடிதண்ணி, வாரம் ஒருமுறை செவிலியர். அரண்மனை கேக்கல.

தம்பிகளே, கூட்டம் முடிஞ்சதும் என்கூட செல்ஃபி எடுக்க வராதீங்க. முன்வரிசையில ஒருத்தர் பக்கத்துல போய் உக்காருங்க. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டுட்டு, மூணாவதா ஒரு கேள்வி கேளுங்க. பதில் நீளமா வரும். பாதியில எந்திரிக்காதீங்க.



#மூணாவது_கேள்வி